உறைந்த உணவுப் பகுதியில் வருகைப்பதிவு

கெட்டில் ஃபோர்க் பள்ளி மாவட்டம்
கண்காணிப்பாளர் அலுவலகம்
அக்டோபர் 3

அன்புள்ள செல்வி ஷெல்பி நேப்பியர்,

ஜூலை வெள்ளத்தில் நம் உயர்நிலைப் பள்ளி கூரைவரை மூழ்கியது. மூடிக் கிடந்த மளிகைக் கடைக்குள் வகுப்புகளைத் தொடங்கி இன்றோடு பத்தொன்பது வேலை நாள்கள் ஆகின்றன. இந்தப் பத்தொன்பது நாளில் நீங்கள் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. பாராட்டுகள்.

எங்கள் தொடர் முன்னேற்றத் திட்டத்தில் மாதத்துக்கு ஒரு சிறிய மாற்றத்தைச் செய்து பார்க்கிறோம். பலன் இருந்தால் வைத்துக்கொள்வோம், இல்லாவிட்டால் விட்டுவிடுவோம். செப்டம்பரில் செய்தது இது: காலை எட்டு பத்துக்கு ஆசிரியர் ஒவ்வொரு பெயரையும் உரக்கக் கூப்பிட வேண்டும். அதற்குப் பிறகு வருகை தொண்ணூற்றாறு சதவீதமாகியிருக்கிறது. என் அலுவலகச் சுவரில் இருக்கும் வருகை வரைபடத்தில் பச்சைக் கோடு ஏறுவதைத் தினமும் பார்க்கிறேன்.

தினமும் வருவதற்கு உங்களுக்கு எது உதவியது? இரண்டு வரி எழுதினால் மற்றவர்களுக்கும் பயன்படும்.

இப்படிக்கு,
வெர்னா காடில்
கண்காணிப்பாளர்


அக்டோபர் 9

மதிப்பிற்குரிய காடில் மேடம்,

உங்கள் கடிதத்தை அம்மா குளிர்பெட்டியில் ஒட்டி வைத்தாள். பிறகு அவளே எடுத்துவிட்டாள். "இது யாரடீ கேலி பண்றது?" என்று கேட்டாள்.

நான் பள்ளிக்கு வரவில்லை, மேடம். ஒரு நாள்கூட வந்ததில்லை. அந்த மளிகைக் கடைக்குள் வெள்ளத்துக்குப் பிறகு நான் கால் வைத்ததே இல்லை. முன்னாலும் அதிகம் போனதில்லை, கிளெட்டா அக்காவின் சலவைக் கடைக்கு அடுத்து ஒரு சின்னக் கடை இருந்தது, அதுவே எங்களுக்குப் போதும்.

இப்போது அந்தச் சலவைக் கடையில்தான் வேலை செய்கிறேன். காலை ஏழு முதல் மூன்று வரை. இன்னும் ஜனங்கள் சேற்றுத் துணி கொண்டுவருகிறார்கள். ஒரு போர்வையை நாலு தடவை போட்டாலும் தண்ணீர் காப்பி நிறத்தில்தான் போகிறது.

நின்றுவிடுகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை, அது என் தப்பு. சொல்ல ஒருவர் முன்னால் போய் நிற்க வேண்டுமே என்று தள்ளிப் போட்டேன். நான் இல்லாததை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றும் நினைத்தேன்.

தயவு செய்து என் பெயரை எடுத்துவிடுங்கள். காலையில் அதைக் கூப்பிட வேண்டாம்.

ஷெல்பி நேப்பியர்


அக்டோபர் 14

அன்புள்ள ஷெல்பி,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அது எழுத்தர் பிழை என்றே நினைத்தேன். எங்கள் பதிவேட்டில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஆசிரியர் வராதவர்களை மட்டும் குறிப்பார், குறிக்காதவர்கள் எல்லாரும் வந்தவர்கள். களைத்துப்போன ஒருவர் ஒரு பெயரைத் தவறவிட்டிருக்கலாம்.

ஆசிரியர் அமோஸ் டர்னரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் முப்பது வருடமாகப் பாடம் நடத்துகிறவர், பொய் சொல்லத் தெரியாதவர்.

"ஷெல்பியா? அவ வர்றாளே மேடம்."

"பாத்தீங்களா?"

"பேரு கூப்பிடுவேன், 'இருக்கேன்'னு சொல்லுவா. நான் தலையக் குனிஞ்சிட்டுத்தான் கூப்பிடுறது. நிமிந்து பாத்தா ஒம்பதாவது பேரு கூப்பிட முடியல மேடம். அதான்."

அந்த ஒன்பதாவது பெயர் எது என்று நான் கேட்கவில்லை.

யாரோ ஒரு மாணவி விளையாடுகிறாள் என்று நினைக்கிறேன். அதை நிறுத்தச் சொல்கிறேன். ஆனால் உங்களுக்குப் பதினாறு வயது. சட்டப்படி ஒரு கடிதத்தால் பள்ளியை விட்டுவிட முடியாது. தாயாருடன் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நவம்பர் 20 அன்று பள்ளிக் குழு கூடுகிறது. வருகை தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால் நம் பிள்ளைகளை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. ஒவ்வொரு பெயரும் எனக்கு முக்கியம்.

வெர்னா காடில்


அக்டோபர் 20

மேடம்,

அலுவலகத்துக்கு வர என்னால் முடியாது. ஆள்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. எழுதினால் வருகிறது. அதனால் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

காலை எட்டு பத்துக்கு எனக்கு ஏதோ ஆகிறது. செப்டம்பர் கடைசியிலிருந்து. நீங்கள் சொல்லும்வரை அது வருகைப்பதிவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

முதலில் கை குளிர்ந்துபோகும். உலர்த்தும் இயந்திரத்துக்குள் கை விட்டுச் சூடான துணியை எடுத்துக்கொண்டிருக்கும்போதே குளிரும். பிறகு வாயில் சேற்றுத் தண்ணீர் ருசி. பிறகு நான் கொஞ்ச நேரம் அங்கே இல்லை. திரும்பி வரும்போது என் வாய் அசைந்து முடிந்திருக்கும்.

போன வாரம் கிளெட்டா அக்கா பார்த்துவிட்டாள்.

"ஏன்டி, யாருகிட்டடி பேசுற?"

"நான் பேசலக்கா."

"இருக்கேன் இருக்கேன்னு மிஷினப் பாத்து சொல்ற! நீ இருக்கறது அதுக்குத் தெரியாதா? சம்பளம் குடுக்கறவ நான், எனக்குச் சொல்லு."

அவள் சிரித்தாள். பிறகு என் கையைத் தொட்டாள். அப்புறம் சிரிக்கவில்லை. என் சட்டைக் கை முழங்கைவரை நனைந்திருந்தது. அன்று நான் ஈரத்துணி எதையும் தொடவே இல்லை.

நீங்கள் ஒரு காரியம் செய்ய முடியுமா? யாரையும் அனுப்பாமல் நீங்களே போய் உட்கார்ந்து கேளுங்கள். நான் எந்த நாற்காலியில் உட்கார்கிறேன் என்று பாருங்கள். ஜோலீன் ஃபுகேட் பெயரைக் கூப்பிடும்போது என்ன ஆகிறது என்றும் பாருங்கள்.

ஷெல்பி


அக்டோபர் 29

ஷெல்பி,

நேற்று போனேன். என்ன நடந்ததோ அதை மட்டும் எழுதுகிறேன். அலுவலகத்தில் இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

கடையின் பலகைகளைக் கழற்ற இன்னும் ஆள் கிடைக்கவில்லை. டர்னரின் வகுப்பு 'உறைந்த உணவு, ஐஸ்கிரீம்' என்ற பலகைக்குக் கீழே நடக்கிறது. ஒரு பக்கம் முழுக்கக் காலியான கண்ணாடிப் பெட்டிகள். மின்சாரம் இல்லை, ஆனாலும் அந்த இடம் குளிர்கிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பட்டியலில் இருபத்து நாலு பெயர். இருபத்திரண்டு பிள்ளைகளை எண்ணினேன். மூன்றாவது வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு காலி நாற்காலி.

ஒன்பதாவது பெயர் ஜோலீன் ஃபுகேட். டர்னர் தலை நிமிராமல் கூப்பிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் நின்றுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். வராதவள் என்று அவர் குறிக்கவும் இல்லை.

பதினாறாவது பெயர் உன்னுடையது.

"இருக்கேன்."

நான் வாய்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாயும் அசையவில்லை. குரல் மூன்றாவது வரிசையிலிருந்து வந்தது. பிள்ளைகள் எல்லாரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழையில் நிற்கிறவர்கள் தோளைக் குறுக்கிக்கொள்வதுபோல உட்கார்ந்திருந்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் எல்லாரையும் நிறுத்தினேன். டானியல் கோம்ப்ஸின் மகள் ரூத் மட்டும் வாயைத் திறந்தாள்.

"மொதல்ல நாங்கதான் மேடம் சொன்னோம். ஷெல்பி திரும்பி வந்துடுவான்னு நெனச்சோம். பேர எடுத்துட்டா அவ எப்பிடி வருவா? அதனால ஆளுக்கொரு நாள் அவளுக்காக 'இருக்கேன்'னு சொன்னோம். ரெண்டு வாரம்."

"அப்புறம்?"

"அப்புறம் பொய் சொல்றது தப்புன்னு நிறுத்திட்டோம் மேடம்." அவள் மற்றவர்களைப் பார்த்தாள். "நாங்க நிறுத்திட்டோம். அது நிக்கல."

"ஜோலீனுக்கும் சொன்னீங்களா?"

"ஐயோ, இல்ல மேடம். அதுக்கு எங்களுக்கு மனசு வரல."

அவர்கள் நிறுத்திய நாள் செப்டம்பர் 26. உனக்குக் கை குளிர ஆரம்பித்ததும் அந்த வாரம்தான்.

அந்த இரண்டு நாற்காலியையும் தொட்டுப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் இருப்பது உனக்கென்று பிள்ளைகள் ஒதுக்கியது, அது உலர்ந்திருந்தது. அதற்கு அடுத்தது ஜோலீனுக்கு ஒதுக்கியது, அது ஈரம்.

நான் இருபத்தாறு வருடம் இந்த வேலையில் இருக்கிறேன். எந்தக் கேள்வி வந்தாலும் அதற்கு ஒரு கூட்டம் போடத் தெரியும். இதற்கு எந்தக் கூட்டம் போடுவது? ஜோலீனைப் பற்றி உனக்குத் தெரிந்ததை எழுது.

வெர்னா காடில்


நவம்பர் 4

மேடம்,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

ஜோலீன் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம், எங்கள் டிரெய்லர் வீடு இந்தப் பக்கம். வகுப்பில் என் குரல் எழும்பாது என்பதால் ஒன்றாம் வகுப்பிலிருந்தே எனக்குப் பதிலாக அவள்தான் பேசுவாள். "டீச்சர், இவளுக்கு பென்சில் வேணுமாம்." "டீச்சர், இவளுக்கு வயித்து வலி." ஒரு தடவை எனக்கு வயிற்று வலியே இல்லை, அவள் வீட்டுக்குப் போகணும் என்பதற்காக என் வயிற்றைச் சொன்னாள். இரண்டு பேரையும் அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளம் வந்த அன்று விடிந்திருந்தது. அம்மாவும் நானும் பின்பக்கச் சரிவில் ஏறிவிட்டோம். மரங்களுக்குள் இருந்தோம். எங்கள் டிரெய்லர் இன்னும் நின்றுகொண்டிருந்தது, தண்ணீர் ஜன்னல்வரை வந்துவிட்டது. ஜோலீன் அவள் வீட்டு மேட்டில் பத்திரமாக நின்றாள். எங்கள் டிரெய்லரைப் பார்த்துக் கத்தினாள்.

"ஷெல்பி! இருக்கியாடி? ஷெல்பி, உள்ள இருக்கியா?"

எனக்குக் கேட்டது. நான் வாயைத் திறந்தேன். வரவில்லை. அம்மா அழுதுகொண்டிருந்தாள், அவளுக்குக் கேட்கவில்லை. ஜோலீன் மறுபடியும் கேட்டாள். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் டிரெய்லருக்குள் இருக்கிறேன் என்று நினைத்து அவள் ஓடைமேல் இருந்த நடைப்பாலத்தில் இறங்கினாள். பாலம் அப்போது தெரிந்துகொண்டிருந்தது. அவள் பாதி வந்ததும் பாலமும் தெரியவில்லை, அவளும் தெரியவில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவள் அம்மாவிடமும்.

அவள்தான் எனக்குப் பதிலாகச் சொல்கிறாள், மேடம். எப்போதும்போல. என் பெயரை எடுங்கள் என்று கேட்டேனே, இன்னும் ஏன் எடுக்கவில்லை?

இன்னொன்று. எழுதக் கூடாது, எழுதுகிறேன். வந்தவர்களுக்கு நீங்கள் பாராட்டுக் கடிதம் போடுகிறீர்கள். வராதவர்கள் வீட்டுக்கு இரண்டு மாதமாக யாரும் வரவில்லை. நான் தினமும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று துணி மடிக்கிறேன். உங்கள் அலுவலகக் கார் என் முன்னால்தான் போகிறது.

ஷெல்பி


நவம்பர் 12

அன்புள்ள ஷெல்பி,

உன் கடைசிப் பத்தியை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

முதலில் பதிவேட்டை எடுத்தேன். இனி வராதவர்களைக் குறிக்கும் வழக்கம் இல்லை. ஆசிரியர் முகத்தைப் பார்த்து, வந்தவரைத்தான் குறிக்க வேண்டும். இது இந்த மாதத்தின் சிறிய மாற்றம். முதல் நாளே கோடு எண்பத்தெட்டுக்கு விழுந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் பதினேழு பேர் பள்ளி திறந்ததிலிருந்தே வந்ததில்லை. பதினேழு பேரும் வந்ததாக நான் சுவரில் வரைந்து வைத்திருந்தேன்.

டர்னரும் நானும் அவர்கள் வீடுகளுக்கு நடந்தோம். ஒரு பெண் தன் மூன்று தங்கைகளுக்கு பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தாள். "ஸ்கூல் எங்க நடக்குதுன்னே தெரியாது மேடம், யாரும் சொல்லலயே" என்றாள். மளிகைக் கடையில் என்றதும் சிரித்தாள், நாங்கள் விளையாடுகிறோம் என்று நினைத்து. இரண்டு பேர் டென்னசி மாநிலத்தில் சித்தி வீட்டில். நீதான் கடிதத்தில் பேசுகிறாயே, உன்னை விட்டுப் பதினைந்து வீடு முடிந்தது. ஒரு வீட்டுக்கு மட்டும் போக எனக்குக் கால் வரவில்லை, அது ஃபுகேட் வீடு.

அடுத்து, நீ கேட்டதைச் செய்தேன். திங்கள்கிழமை உன் பெயரைக் கூப்பிட வேண்டாம் என்று டர்னரிடம் சொன்னேன். நானும் கூட இருந்தேன். பதினைந்தாவது பெயருக்குப் பிறகு அவர் பதினேழுக்குத் தாவினார். ஒரு நொடி எதுவும் இல்லை. பிறகு "இருக்கேன்" என்றது. டர்னர் அடுத்த பெயரைச் சொன்னார். அந்தப் பையன் பதில் சொல்லும் முன்பே அது "இருக்கேன்" என்றது. அடுத்த பெயருக்கும். அதற்கு அடுத்ததற்கும். கடைசிப் பெயர் முடிந்து டர்னர் புத்தகத்தை மூடிய பிறகும், யாரும் எதுவும் கேட்காத அமைதிக்குள், மூன்று தடவை சொன்னது. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் சத்தமாக. தன் குரல் எட்டவில்லையோ என்று பயப்படுகிறவள் போல. ரூத் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் உன் பெயரைத் திரும்பச் சேர்த்தேன்.

ஷெல்பி, இதை நான் கண்காணிப்பாளராகக் கேட்கவில்லை. சட்டமும் சொல்லவில்லை. உன்னைத் தவிர வேறு யாரும் அவளுக்குப் பதில் சொல்ல முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. வருவாயா?

வெர்னா


நவம்பர் 18

மேடம்,

நேற்று வந்தேன். நீங்கள் தலைநகரத்துக்குப் போயிருக்கிறீர்கள் என்றார்கள். நல்லது என்று நினைத்தேன், பிறகு நீங்கள் இருந்திருக்கலாம் என்றும் நினைத்தேன்.

கிளெட்டா அக்கா தன் காரில் கொண்டுவந்து விட்டாள். "மூணு மணிக்கு வந்துடு, போர்வை கெடக்கு" என்றாள். பிறகு "வராட்டியும் பரவாயில்ல கண்ணு" என்றாள்.

யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. ரூத் மட்டும் தன் கைக்குட்டையால் என் நாற்காலியைத் துடைத்தாள், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. நான் சுவர்ப் பக்கம் உட்கார்ந்தேன். அடுத்த நாற்காலியைப் பார்க்கவில்லை. ஓடை வாசம் வந்தது.

டர்னர் சார் இப்போது நிமிர்ந்து பார்த்துக் கூப்பிடுகிறார். ஒன்பதாவது பெயரை மட்டும் ரொம்ப மெதுவாகச் சொன்னார். என் இடது கை குளிர ஆரம்பித்தது. பக்கத்தில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்தால் தெரியுமே, அப்படித் தெரிந்தது.

"ஷெல்பி நேப்பியர்."

வாயைத் திறந்தேன். வரவில்லை. அன்றைப் போலவே. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டர்னர் சார் காத்திருந்தார். என் காதுக்குப் பக்கத்தில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. எனக்காகப் பேசும் முன் அவள் எப்போதும் அப்படித்தான் இழுப்பாள். "இரு" என்று ஆரம்பித்துவிட்டது.

நான் கத்தினேன், மேடம்.

"இருக்கேன்! ஜோலீன், நான் இருக்கேன்டி! நான் உள்ள இல்ல. மேல இருக்கேன். நீ வராத!"

கண்ணாடிப் பெட்டிகள் அதிர்ந்தன. எழுந்து நின்றுவிட்டேன் போலிருக்கிறது, நாற்காலி விழுந்து கிடந்தது. அந்தக் குரல் பாதியில் நின்றது. எல்லாரும் நிறைய நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே ஏதோ ஒரு பலகை ஆடும் சத்தம் மட்டும்.

டர்னர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா," என்றார். "குறிச்சுக்கிட்டேன்." பிறகு பதினேழாவது பெயரைக் கூப்பிட்டார். அந்தப் பையன்தான் பதில் சொன்னான்.

மூன்று மணிக்குச் சலவைக் கடைக்குப் போனேன். நேராக அல்ல. முதலில் ஃபுகேட் வீட்டுக்குப் போனேன். உங்களுக்குக் கால் வராத வீடு. ஜோலீன் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. வாசலிலேயே நிற்க வைத்து, "அவ கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா?" என்று மட்டும் கேட்டார். கேட்டது என்றேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

ஷெல்பி


நவம்பர் 21

அன்புள்ள ஷெல்பி,

நேற்றுக் கூட்டத்தில் பச்சைக் கோட்டைக் கொண்டுபோனேன். தொண்ணூற்றாறு என்று காட்டி, அது பொய் என்று சொன்னேன். பிறகு எண்பத்தெட்டைக் காட்டினேன். இந்த வாரத்துத் தொண்ணூற்று இரண்டையும்.

தலைவர் கேட்டார்: "இத்தன நாளா தப்பான கணக்க யாரு கண்டுபிடிச்சது?"

"வராத ஒரு பொண்ணு," என்றேன்.

அவர்கள் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். மே மாதம்வரை நம்மை இங்கேயே விட்டுவைக்கிறார்கள். மூன்று பேர் ஆம், இரண்டு பேர் இல்லை. அதற்குப் பிறகு என்ன என்று தெரியாது. இந்த மாதத்துப் பாராட்டுக் கடிதங்களை நான் எழுதவில்லை. வராதவர்களுக்குத்தான் எழுதுகிறேன், கையோடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

நேற்று ஃபுகேட் வீட்டுக்கும் போனேன். எனக்கு முன்பே நீ போயிருந்தாய். ஜோலீனின் தாய் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஜோலீனின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுக்கும் தாள். தேதியை மட்டும் எழுதவில்லை. "அந்தப் பொண்ணு சொல்ற அன்னிக்கு எழுதிக்குங்க" என்றார்.

உன்னைத்தான் சொன்னார்.

வெர்னா


டிசம்பர் 2

அன்புள்ள காடில் மேடம்,

இன்று தேதி எழுதலாம் என்று டர்னர் சாரிடம் சொன்னேன். ஆனால் கடைசியாக ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு எழுதுங்கள் என்றேன். வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, நானேதான் சொன்னேன்.

அவர் எழுந்து நின்று கூப்பிட்டார்.

"ஜோலீன் ஃபுகேட்."

எனக்காக அவள் எத்தனையோ தடவை பேசியிருக்கிறாள். அவளுக்காக நான் பேசிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. பேசவில்லை. ரூத்தும் பேசவில்லை. நாங்கள் காத்திருந்தோம். கண்ணாடிப் பெட்டிகளில் எங்கள் முகங்கள் தெரிந்தன, எண்ணினேன், இருபத்து மூன்று.

பிறகு டர்னர் சார் உட்கார்ந்து, வரவில்லை என்று எழுதினார். பேனா கீறும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. பள்ளி திறந்ததிலிருந்து அவள் பெயருக்கு எதிரே அவர் அதை எழுதியதே இல்லை.

என் பெயர் வந்தபோது சொன்னேன். சத்தமாக இல்லை. கேட்கிற அளவுக்கு.

அடுத்த நாற்காலியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார்கள். இருக்கட்டும் என்றேன். அதன்மேல் என் பையை வைத்துக்கொள்கிறேன். மூன்று மணிக்கு எடுக்கும்போது பையின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். இன்று உலர்ந்திருந்தது. நாளைக்கும் பார்ப்பேன்.

ஷெல்பி நேப்பியர்
பதினோராம் வகுப்பு